எங்கே வலிக்கிறது, ஆள் எப்படி இருப்பார்: ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

கேள்வி: வேலைக்காக ஆங்கிலம் பேசும் நாட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. அலுவலகப் பேச்சைச் சமாளித்துவிடுகிறேன். உடம்பு, தோற்றம் என்று வந்தால்தான் தடுமாற்றம். இடுப்பு வலிக்காக மருத்துவரிடம் போய் 'ஹிப் பெயின்' என்றேன். அவர் தொடை சேரும் இடத்தையே அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வலித்தது முதுகுக்குக் கீழே. இன்னொரு நாள் அலுவலகத்துக்கு வந்திருந்த ஒருவரை அடையாளம் சொல்லச் சொன்னார்கள். 'மேன், பிளாக் ஹேர், பிளாக் ஐஸ்' என்பதற்கு மேல் வாயில் ஒன்றும் வரவில்லை. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. விடுமுறை முடிந்து வந்த அலுவலகத் தோழியிடம் ஆசையாக 'யூ ஹேவ் பிகம் ஃபேட்' என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உடல் உறுப்புகளின் படம் போட்ட அட்டவணையை வாங்கி முழுவதும் பைஹார்ட் பண்ணியும் பார்த்துவிட்டேன், பயனில்லை. நான் எப்படிப் படிக்க வேண்டும் சார்? அவளிடம் என்ன சொல்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த அட்டவணையை மூடி வையுங்கள். நீங்கள் மாட்டிக்கொண்ட மூன்று இடங்களுமே வேறு வேறு வேலைகள். மருத்துவரிடம் இடத்தைக் காட்ட வேண்டும். அலுவலகத்தில், கூட்டத்தில் ஒருவரைப் பிரித்துக் காட்ட வேண்டும். தோழியிடம், எதிரே நிற்பவரின் மனம் நோகாமல் பேச வேண்டும். மூன்றுக்கும் சொற்கள் வேறு, அளவு வேறு, நாகரிகமும் வேறு. மருத்துவரிடம் தாராளமாகச் சொல்லக்கூடிய ஒரு சொல், தோழியிடம் சொன்னால் சண்டையாகிவிடும். அட்டவணை இதைச் சொல்லித் தராது. மண்ணீரலுக்கும் மூக்குக்கும் அதில் ஒரே மதிப்புதான்.

'பைஹார்ட் பண்ணினேன்' என்பதையும் இங்கேயே முடித்துவிடுவோம், அதுவும் ஓர் உறுப்பின் பெயரில் பிறந்ததுதானே. 'லேர்ன் பை ஹார்ட்' என்பதே வழக்கு. 'ஐ பைஹார்ட்டட் இட்' என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னால் விழிப்பார்கள்.

சரி, மருத்துவரிடம் போவோம். அவர் மேல் தப்பில்லை. நாம் 'இடுப்பு' என்று ஒரே பெயரில் சொல்லும் பகுதியை ஆங்கிலம் மூன்றாகப் பிரிக்கிறது. விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, பெல்ட் கட்டும் இடத்தை ஒட்டியது 'வெயிஸ்ட்'. பக்கவாட்டில், கால் உடம்போடு சேரும் பகுதி 'ஹிப்'. பின்னால், முதுகின் அடிப்பகுதி 'லோயர் பேக்'. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் 'இடுப்பு பிடிச்சுக்கிச்சு' என்று சொல்வது பெரும்பாலும் இந்த மூன்றாவதைத்தான். 'ஹிப் பெயின்' என்று காதில் விழுந்ததும் மருத்துவருக்கு இடுப்பு மூட்டுதான் ஞாபகம் வரும். அந்த மூட்டில் கோளாறு என்றால் வலி பல நேரம் தொடை இடுக்கில் தெரியும். அதனால்தான் அவர் அங்கேயே அழுத்திக்கொண்டிருந்தார். அடுத்த முறை 'மை லோயர் பேக் ஹர்ட்ஸ்' என்று சொல்லிப் பாருங்கள், நேராக அந்த இடத்துக்கு வருவார்.

இதே சிக்கல் கை, கால் இரண்டிலும் உண்டு. தோளிலிருந்து மணிக்கட்டு வரை 'ஆர்ம்', அதற்குக் கீழே 'ஹேண்ட்'. தொடையிலிருந்து கணுக்கால் வரை 'லெக்', அதற்குக் கீழே 'ஃபுட்'. செருப்பு கடித்தது 'லெக்'கில் இல்லை, 'ஃபுட்'டில். ஊசி போடுவது பெரும்பாலும் 'ஹேண்ட்'டில் இல்லை, 'ஆர்ம்'மில். தமிழில் இப்படிப் பிரிக்காததை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். உலக மொழிகளின் அமைப்பை வரைபடங்களாகத் தொகுத்த ஓர் ஆய்வில், இந்த விஷயத்துக்காகப் பார்த்த 617 மொழிகளில் 228 மொழிகள் கை முழுவதற்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கின்றன. ரஷ்யர்களும் ஆங்கிலம் படிக்கும்போது இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஆகவே மணிக்கட்டு, கணுக்கால் ஆகிய இரண்டு எல்லைக்கோடுகளை மட்டும் மனதில் வையுங்கள். 'ரிஸ்ட்', 'ஆங்க்கிள்' என்ற இரண்டு சொற்களும் அத்தோடு சேர்ந்து வந்துவிடும்.

விரலிலும் அப்படியே. கையில் இருப்பது 'ஃபிங்கர்', காலில் இருப்பது 'டோ'. கைக் கட்டைவிரல் 'தம்', கால் கட்டைவிரல் 'பிக் டோ'. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு 'ஷின்', பின்பக்கச் சதை, அதாவது கெண்டைக்கால், 'காஃப்'. இரவில் தூக்கத்தில் சதை இழுத்துப் பிடிக்கிறதே, அது 'எ கிராம்ப் இன் மை காஃப்'.

நெஞ்சு விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 'ஹார்ட் பெயின்' என்று சொல்லாதீர்கள். 'செஸ்ட் பெயின்' என்பதுதான் வழக்கம். 'ஹார்ட்பர்ன்' என்பதில் இதயத்தின் பெயர் இருந்தாலும் அது வயிற்று அமிலம் மேலே ஏறுவதால் வரும் நெஞ்செரிச்சல். எது என்று உங்களுக்கே நிச்சயம் இல்லை என்றால் 'செஸ்ட் பெயின்' என்றே சொல்லுங்கள். பிரித்துப் பார்ப்பது அவர்கள் வேலை, நம்முடையது அல்ல.

இலக்கணத்தில் ஒரே ஒரு திருத்தம். 'மை லெக் இஸ் பெயினிங்' என்பது நம்மவர்கள் எல்லோரும் சொல்வது, மற்றவர்கள் காதில் அது இடறும். 'மை லெக் ஹர்ட்ஸ்' அல்லது 'ஐ ஹேவ் எ பெயின் இன் மை லெஃப்ட் லெக்'. 'மை' என்பதை விடாதீர்கள். தமிழில் 'கால் வலிக்குது' என்றால் யார் கால் என்று யாரும் கேட்பதில்லை, ஆனால் ஆங்கிலத்தில் உறுப்புக்கு முன்னால் உடையவர் வந்தாக வேண்டும். அதோடு இடதா வலதா என்பதையும் சேர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, வலி எப்படி இருக்கிறது என்பது. இதில் தமிழர்களுக்குக் கற்றுத் தர வேண்டியதே இல்லை. குத்துது, இழுக்குது, எரியுது, சுருக்குனு இருக்கு, விண்விண்ணுனு தெறிக்குது என்று நம்மிடம் இல்லாத வலியா! ஆங்கிலத்திலும் குறைவில்லை. கனடாவின் மகில் பல்கலைக்கழகத்தில் இருந்த ரொனால்ட் மெல்சாக் 1975-ல் வெளியிட்ட வலிக் கேள்வித்தாளில் வலியை விவரிக்க 78 சொற்கள், 20 குழுக்களாக இருக்கின்றன. அவ்வளவும் உங்களுக்கு வேண்டாம். விண்விண் என்று தெறித்தால் 'த்ராபிங்'. குத்தினால் 'ஸ்டாபிங்'. எரிந்தால் 'பர்னிங்'. ஓரிடத்தில் கிளம்பிக் கால் வழியாகச் சுருக்கென்று ஓடினால் 'ஷூட்டிங்'. மந்தமாக, விடாமல் இருந்தால் 'எ டல் ஏக்'. மரத்துப்போனால் 'நம்'. எறும்பு ஊர்வது போல இருந்தால் 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்'. இடத்தையும் குணத்தையும் சேர்த்து 'எ டல் ஏக் இன் மை லோயர் பேக்' என்று சொல்லிவிட்டால், நான்கு வாக்கியம் சுற்றி வளைக்க வேண்டியதில்லை.

உச்சரிப்பும் இந்தச் சொற்களில் நிறையப் பேரைக் கவிழ்க்கும். 'தம்', 'லிம்' (கை, கால்களுக்கான பொதுச் சொல்), 'நம்' மூன்றிலும் கடைசியில் 'பி' எழுதுவார்கள், சொல்ல மாட்டார்கள். முழங்காலைக் குறிக்கும் 'நீ', விரல் முட்டியைக் குறிக்கும் 'நக்கிள்' இரண்டிலும் முதல் எழுத்து 'கே', அதுவும் சும்மா நிற்கிறது. 'ரிஸ்ட்'டில் 'டபிள்யூ' ஊமை, 'காஃப்', உள்ளங்கையைக் குறிக்கும் 'பாம்' இரண்டிலும் 'எல்' ஊமை, தசையைக் குறிக்கும் 'மஸில்' என்பதில் 'சி' ஊமை. வழுக்கையைக் குறிக்கும் 'பால்ட்' என்பதை நம்மில் பலர் 'போல்ட்' என்கிறார்கள். 'ஹி இஸ் போல்ட்' என்றால் அவர் துணிச்சல்காரர். வழுக்கைத் தலையர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்பது வேறு விஷயம். பந்தைக் குறிக்கும் 'பால்' எப்படி ஒலிக்கிறதோ அப்படித் தொடங்கினால் சரியாக வரும்.

அடுத்து அந்த விருந்தினர். 1880-களில் பாரிஸ் காவல்துறையில் அல்ஃபோன்ஸ் பெர்ட்டியோன் என்று ஒருவர் இருந்தார். குற்றவாளிகளின் உடல் அளவுகளை எடுத்துப் பதியும் முறையைக் கொண்டுவந்தவர் அவர். முகத்தைச் சொற்களாலேயே வரையும் ஒரு முறையையும் உருவாக்கினார். 'பேசும் உருவப்படம்' என்று அதற்குப் பெயர். காது மடலின் அமைப்புக்கு அதில் பெரிய இடம் உண்டு, ஏனென்றால் அது ஆளுக்கு ஆள் மாறும். அலுவலகத்தில் காதைப் பார்க்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள்: எல்லோரிடமும் இருப்பதைச் சொன்னால் அடையாளம் ஆகாது, இவரிடம் மட்டும் இருப்பதைச் சொல்ல வேண்டும். 'பிளாக் ஹேர்' எத்தனை பேருக்கு இல்லை? 'பிளாக் ஐஸ்' இன்னும் மோசம். 'எ பிளாக் ஐ' என்றால் அடி வாங்கிக் கன்றிப்போன கண். இரண்டு கண்ணும் அப்படி என்றால், பாவம், வந்த விருந்தினரை யாரோ நன்றாகவே கவனித்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். நாம் கருவிழி என்பதை அவர்கள் 'டார்க் பிரௌன் ஐஸ்' என்பார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கண் நிறம் எப்படியும் தெரியப் போவதில்லை, அதனால் கண்ணை விட்டுவிடலாம்.

தூரத்திலேயே தெரிவதிலிருந்து தொடங்குங்கள். ஆணா பெண்ணா, ஏறக்குறைய என்ன வயது, உயரம், உடல்வாகு, முடி, அப்புறம் கண்ணாடி, தாடி போன்ற ஒன்று. 'எ டால் மேன் இன் ஹிஸ் ஃபிஃப்டீஸ், ஷார்ட் கிரே ஹேர், கிளாசஸ்.' இவ்வளவு போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வயதுக்கு 'ஓல்டு' வேண்டாம். முப்பதின் தொடக்கம் என்றால் 'இன் ஹெர் எர்லி தர்ட்டீஸ்', நாற்பதின் நடு என்றால் 'இன் ஹிஸ் மிட் ஃபார்ட்டீஸ்', முதியவர் என்றால் 'எல்டர்லி'. உயரத்தைப் பேச்சில் 'ஃபைவ் ஃபுட் சிக்ஸ்' என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள், இஞ்ச் என்பதைச் சேர்க்காமல். சென்டிமீட்டரில் கேட்கும் நாடாக இருந்தால் அது கிட்டத்தட்ட 168. மனிதருக்கு 'ஹை' வராது, 'டால்'தான்.

உண்மையில் பல நேரம் உடையே போதும். உடைக்கு 'இன்', உடம்போடு இருப்பதற்கு 'வித்' என்ற ஒரு சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'தி மேன் இன் தி ப்ளூ ஷர்ட்', 'தி உமன் வித் தி கர்லி ஹேர்'. முழு வாக்கியமாகச் சொன்னால் 'ஹி இஸ் டால்', 'ஹி ஹேஸ் எ பியர்ட்', 'ஹி வேர்ஸ் கிளாசஸ்'. 'ஹி இஸ் ஹேவிங் எ பியர்ட்' என்று நாம் சொல்வதைக் கைவிட வேண்டும். தாடி என்ன, சாப்பிடுகிற பொருளா?

முடியில்தான் ஆங்கிலம் தாராளம் காட்டுகிறது. தலைமுடி முழுவதையும் சொல்லும்போது 'ஹேர்' ஒருமை, 'ஹேர்ஸ்' கிடையாது. நீளம் முதலில், பிறகு அமைப்பு, கடைசியில் நிறம்: 'லாங் ஸ்ட்ரெய்ட் பிளாக் ஹேர்', 'ஷார்ட் வேவி பிரௌன் ஹேர்'. வரிசையை மாற்றினால் புரியும், ஆனால் காதுக்கு உறுத்தும். நரைக்கு 'கிரே'. முன்நெற்றி ஏறிக்கொண்டே போகிறவருக்கு 'ரிசீடிங் ஹேர்லைன்'. கொண்டை 'பன்'. பின்னல் பிரிட்டனில் 'ப்ளாட்', அமெரிக்காவில் 'பிரெய்ட்'. நாம் 'பிரெஞ்ச் பியர்ட்' என்பதை அவர்கள் 'கோட்டீ' என்பார்கள், 'கூலிங் கிளாஸ்' என்பதை 'சன்கிளாசஸ்'. கிருதாவுக்கு 'சைட்பர்ன்ஸ்', அமெரிக்க உள்நாட்டுப் போரில் தளபதியாக இருந்த ஆம்புரோஸ் பர்ன்சைட் காதோரம் அடர்த்தியாக வளர்த்துவிட்டிருந்ததால் அவர் பெயரையே திருப்பிப் போட்டு வைத்துவிட்டார்கள். போரில் பெரிதாகச் சாதிக்கவில்லை, கிருதாவில் நிலைத்துவிட்டார்.

முகத்தில் இருக்கும் சின்ன அடையாளங்களும் உதவும். மச்சம் 'மோல்', தழும்பு 'ஸ்கார்', கன்னக்குழி 'டிம்பிள்'. நடமாட சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் என்றால் 'ஹி யூசஸ் எ வீல்சேர்' என்று சொன்னால் போதும், 'ஹேண்டிகேப்ட்' என்ற சொல்லை இப்போது தவிர்க்கிறார்கள்.

நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அடுத்து அங்கேதான் இடறுவீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். 'சிவப்பாக இருப்பார்' என்பதை 'ரெட்' ஆக்கினால் வெயிலில் கன்றியவர் அல்லது கோபத்தில் முகம் சிவந்தவர் என்று ஆகும். 'ஃபேர்' என்பதை முடி நிறமாகவும் எடுத்துக்கொள்வார்கள். மாநிறத்துக்கு நாம் சொல்லும் 'வீட்டிஷ்' நம் பக்கத்தைத் தாண்டினால் யாருக்கும் விளங்காது. 'கலர்ஃபுல்' என்றால் சுவாரசியமான குணம் படைத்தவர் என்று பொருள் போகும். என்னைக் கேட்டால், அலுவலகத்தில் யாருடைய தோல் நிறத்தையும் எடுக்காதீர்கள். மருத்துவரோ காவல்துறையோ கேட்டால் 'லைட் ஸ்கின்', 'டார்க் ஸ்கின்' என்று நேராகச் சொல்லலாம்.

இனி உங்கள் தோழி. தமிழிலும் 'குண்டாயிட்டே' என்பதை எல்லோரிடமும் சொல்லிவிட முடியாது. நெருக்கம் இருந்தால்தான் அது அன்பாகக் கேட்கும். அதற்காகத்தானே 'பூசினாற்போல', 'வாட்டசாட்டமா' என்றெல்லாம் வைத்திருக்கிறோம். 'ஃபேட்' என்ற சொல்லில் அந்த நெருக்கம் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. தன்னைத் தானே அப்படிச் சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு, அது அவர்கள் உரிமை. நாம் அடுத்தவரைச் சொன்னால் வசை.

ஒரே உடம்புக்குப் பல சொற்கள் இருப்பதும் இதனால்தான். ஒல்லியானவரை 'ஸ்லிம்' என்றால் பாராட்டு, 'தின்' என்றால் வெறும் தகவல், 'ஸ்கின்னி' என்றால் கொஞ்சம் குத்தல். உயரமாக, ஒடிசலாக, கை கால் நீண்டு தெரிபவர் 'லாங்கி'. குட்டையாக, அகலமாக, திடமாக இருப்பவர் 'ஸ்டாக்கி'. பெரிய உடம்புக்காரரை மூன்றாம் நபரிடம் அடையாளம் சொல்ல வேண்டும் என்றால் 'ஹெவிசெட்' அல்லது 'பிக்' என்று சொல்லலாம். 'சப்பி' குழந்தைகளுக்கு. 'ஓவர்வெயிட்', 'ஒபீஸ்' இரண்டும் மருத்துவக் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி பெரியவர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 25-ஐத் தொட்டால் முதலாவது, 30-ஐத் தொட்டால் இரண்டாவது. மருத்துவர் வாயில் வரட்டும், நமக்கு வேண்டாம். குண்டு என்பதை மறைக்க நாம் சொல்லும் 'ஹெல்தி'யும் உதவாது, அவர்களுக்கு அது நோயில்லாதவர் என்று மட்டும்தான் கேட்கும்.

பாராட்டாக நினைத்துச் சொல்பவற்றிலும் இரண்டு கண்ணிவெடிகள். குடும்பப் பாங்கான அழகு என்ற எண்ணத்தில் நாம் 'ஹோம்லி' என்கிறோம். அமெரிக்கர் காதில் அது 'பார்க்கச் சுமாராக இருக்கிறாய்' என்று விழும். பிரிட்டனில் வீட்டையோ விடுதியையோ அப்படிச் சொன்னால் மகிழ்வார்கள். அடுத்தது 'ஸ்மார்ட்'. ஆள் பார்க்க நன்றாக இருக்கிறார் என்று நாம் சொன்னால், அமெரிக்கர் அவரை அறிவாளி என்று எடுத்துக்கொள்வார், பிரிட்டிஷ்காரர் நேர்த்தியாக உடுத்தியிருக்கிறார் என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டுமே நல்ல அர்த்தம் என்பதால் ஆபத்தில்லை. ஆணோ பெண்ணோ, 'குட்லுக்கிங்' எங்கும் செல்லும்.

எடை குறைந்திருக்கிறது என்று பாராட்டுவதும் அபாயம்தான், நோயினால் இளைத்திருக்கலாம். ஒருவர் தானாகத் தேர்ந்தெடுத்ததைப் பாராட்டுங்கள்: 'ஐ லைக் யுவர் ஹேர்கட்', 'தட் கலர் சூட்ஸ் யூ'. விடுமுறை முடிந்து வந்தவருக்கு 'யூ லுக் வெல்' போதும், 'யூ லுக் ரெஸ்டட்' இன்னும் நன்றாக இருக்கும்.

எப்படிப் படிப்பது என்று கேட்டீர்கள். வலிக்கான சொற்களைக் கண்ணாடி முன் நின்று, அந்தந்த இடத்தைத் தொட்டு, 'மை' சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஆளைச் சொல்ல, கைபேசியில் இருக்கும் ஏதாவது ஒரு குழுப் படத்தைத் திறந்து, ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு இரண்டே வாக்கியத்தில் வர்ணித்து, கூட இருப்பவர் கண்டுபிடிக்கிறாரா என்று பாருங்கள். இரண்டு பேரைக் காட்டிக் குழம்பினார் என்றால் எந்தச் சொல் போதவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். அந்தச் சொல்லை மட்டும் அப்போது தேடி எடுங்கள். அது மறக்காது.

தோழியிடம் நேரில், தனியாக இருக்கும்போது பேசுங்கள். 'ஐ'ம் ஸாரி அபௌட் வாட் ஐ செட் வென் யூ கேம் பேக். இட் கேம் அவுட் ராங். ஐ வாஸ் ஜஸ்ட் ஹேப்பி டு சீ யூ.' இவ்வளவுதான். அந்தச் சொல்லை மறுபடி வாயில் எடுக்காதீர்கள். எங்கள் ஊரில் இது அன்பு, எங்கள் மொழியில் இப்படித்தான் என்று விளக்கவும் இறங்காதீர்கள், அது மன்னிப்பு போலக் கேட்காது, வாதம் போலக் கேட்கும். அவளாகக் கேட்டால் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்தும் இறுக்கமாகவே இருந்தால் விட்டுவிடுங்கள். வழக்கம்போல வணக்கம் சொல்லி, வேலையைப் பேசிக்கொண்டிருங்கள், அதற்கு மேல் துரத்த வேண்டாம்.